தமிழ் ஆனாவா, பர்மா ஆனாவா

போன வாரம் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருத்தி என்னிடம் ஒன்று கேட்டாள். "அக்கா, மெடிக்கல் காலேஜ்காரங்க எந்த மாதிரி சேவையைப் பார்ப்பாங்க? எதைச் செஞ்சா நல்லா இருக்கும்?" நான் சிரித்துவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. அவளைக் கேலி செய்து சிரிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் வந்து கல்லூரிக்கு வழி கேட்கிறாளே என்று வந்த சிரிப்பு அது. இருந்தாலும் கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் படித்த தமிழ்தான் என்னுடையது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதத்தோடு நான் வேலையை விடுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். காரணத்தை யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அம்மா போனதிலிருந்து நோயாளி படுத்திருக்கிற அறைக்குள் என்னால் இருக்க முடியவில்லை. கை வேலையைச் செய்துவிடுகிறது. வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. மிங்கலாடோனில் சித்தப்பா மகள் தையல் கடை வைத்திருக்கிறாள், அங்கே போகிறேன். தப்பாக நினைக்காதீர்கள், போகிறேன் என்று முடிவு எடுத்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ரங்கூன் பசுந்தாங்கில் இருக்கிற நம் இலவச வைத்திய வீட்டுக்கு நான் முதலில் கூட்டிப் பெருக்கத்தான் வந்தேன். பிறகு ஆள் போதாமல் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். உடம்பு துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, புண் வராமல் பார்ப்பது. ஏழெட்டு வருடமாக அதுதான் வேலை. உங்களைப் போலக் கல்லூரி விண்ணப்பத்துக்காகச் சேவை செய்ய வந்தவர்கள் நிறையப் பேர் என்னோடு வந்திருக்கிறார்கள். சிலரை எனக்கு ஞாபகம்கூட இல்லை. நந்தாவைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நந்தாவின் அப்பா தமிழர், அம்மா பர்மியர். வீட்டில் பர்மியப் பேச்சுதான். தமிழ் புரியும், பேசச் சொன்னால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பாள். எதைச் சொன்னாலும் பர்மியர்கள் மாதிரி கடைசியில் ஒரு 'நோ' போட்டு முடிப்பாள். "சரி நோ", "வர்றேன் நோ" என்று. வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். மதிப்பெண் இருந்தது, சேவை செய்த அனுபவமும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முதலில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் மாணவர்களுக்கென்று நடத்துகிற திட்டத்தில் சேரப் போயிருக்கிறாள். வெள்ளைக் கோட்டு கொடுப்பார்களாம், டாக்டருக்குப் பின்னாலேயே நடக்கலாமாம். அங்கே இடம் நிரம்பிவிட்டது. "அங்க கிடைக்கல, அதான் இங்க வந்தேன்" என்று முதல் நாளே நம் பெரிய சிஸ்டரிடம் சொல்லிவிட்டாள். சிஸ்டருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அவளை டாலாவுக்குப் போடச் சொன்னேன்.

டாலாவுக்கு யாரும் போக விரும்புவதில்லை. ஆற்றைக் கடக்க வேண்டும், மழையில் தெருவெல்லாம் சேறு. நந்தா அலுத்துக்கொண்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. டாலா போகிறவர்கள் குறைவு, விண்ணப்பத்தில் எழுத நன்றாக இருக்கும் என்று அவளே ஃபெர்ரியில் வைத்து என்னிடம் சொன்னாள். ஒளிவு மறைவு இல்லாத பெண். எனக்கும் அவளைக் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்தது.

அங்கே நாங்கள் பார்த்துக்கொண்டது ராஜு மாமாவை. கட்டட வேலையில் மூங்கில் சாரத்திலிருந்து விழுந்து கழுத்து எலும்பு முறிந்தவர். தோளுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கையை லேசாக அசைப்பார், எதையும் பிடிக்க முடியாது. சிறுநீர் போக ஒரு குழாய் போட்டு, பையைக் கட்டில் ஓரத்தில் கட்டியிருக்கும். அவர் மனைவி டோ சான் பர்மியர். காலையில் படகுத்துறைப் பக்கம் மொஹிங்கா நூடுல்ஸ் விற்றுவிட்டு வந்து மற்ற நேரமெல்லாம் அவரைப் பார்த்துக்கொள்வார்.

அவர் விஷயத்தில் டாக்டர் ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தார். குழாய் அடைபட்டால் நமக்கு அடிவயிறு வலிக்கும். அவருக்கு அது தெரியாது. அதற்குப் பதிலாகத் தலை இடிக்கும், முகம் சிவந்து வேர்க்கும், ரத்த அழுத்தம் சரசரவென்று ஏறும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தம் கசிந்து ஆள் போய்விடலாம். அவர் தலை வலிக்கிறது என்றால் மாத்திரையைத் தேடாதே, முதலில் குழாயைப் பார். இதை எனக்கும் நந்தாவுக்கும் டோ சானுக்கும் ராஜு மாமாவுக்கும் ஒன்றாக வைத்துச் சொன்னார். ஆகவே எல்லாருக்கும் தெரியும்.

ராஜு மாமா வாய் ஓயாத ஆள். நந்தாவை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். அவள் தமிழைக் கேட்டுவிட்டு, "ஊசி போடக் கத்துக்கறதுக்கு முன்னாடி தமிழக் கொஞ்சம் உள்ள போடு" என்பார். அவள் பர்மியத்தில் ஏதாவது திருப்பிக் கொடுப்பாள். இவ்வளவு பேசுகிற மனிதர் தனக்கென்று ஒன்று கேட்க மாட்டார். தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம். ஈ முகத்தில் உட்கார்ந்திருக்கும், விரட்டச் சொல்ல மாட்டார். டோ சான் வரும்வரை பொறுத்துக்கொள்வார். கேட்டால், "உங்ககிட்ட ஆனாவா இருக்கும்மா" என்பார்.

இந்த ஆனாவைப் பற்றி உங்களில் தமிழ் மட்டும் நன்றாகத் தெரிந்த இரண்டொருவருக்காகச் சொல்கிறேன். ஒருத்தரைச் சிரமப்படுத்துகிறோமே, நம்மால் அவருக்குத் தொல்லையாயிற்றே என்று மனசு சுருங்குகிறதே, அதற்குப் பர்மியத்தில் ஆனா என்று பேர். தமிழில் அதற்கு ஒரே சொல்லாக எனக்குக் கிடைக்கவில்லை. நம் ஆட்கள் தமிழ் பேசும்போதும் அதை அப்படியே போட்டுக்கொள்கிறோம். எதிராளி ஆனா பட்டால், 'ஆ-ம-னா-பா-நே', அதாவது அப்படியெல்லாம் நினைக்காதீர்கள் என்று பதில் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. தமிழிலும் ஒரு ஆனா இருக்கிறது. 'வருவேன், ஆனா லேட்டாகும்' என்கிறோமே அது. இந்தியாவில் இருக்கிற தமிழருக்கு இதில் குழப்பமே இல்லை. ரங்கூன் தமிழருக்குத்தான் ஒரே சத்தத்தில் இரண்டு சொல்.

நந்தாவுக்குக் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு நாள் கொடுத்தார்கள். மதியத்துக்கு மேல் ஃபோனில் முகம் பார்த்துப் பேச வேண்டும். அவள் வீட்டில் கரண்ட் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பசுந்தாங்கிலேயே ஜெனரேட்டரும் நல்ல நெட்டும் வைத்திருக்கிற ஒரு தோழியின் கடையில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. அன்றைக்கு டாலாவுக்கு வர வேண்டாம் என்று நான் சொன்னேன். வீட்டில் இருந்தால் பயம் அதிகமாகும் என்று வந்துவிட்டாள்.

ராஜு மாமாவுக்கு விஷயம் தெரிந்ததும் அவளைவிட அவருக்குத்தான் படபடப்பு. கல்லூரிக்காரர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு கேள்வி கேட்டார். ஏன் டாக்டராக வேண்டும்? நந்தா மனப்பாடம் செய்து வைத்ததைக் கடகடவென்று ஒப்பித்தாள். மனித குலத்துக்குச் சேவை, சின்ன வயதுக் கனவு, எல்லாம் அதில் வந்தது. கேட்டு முடித்துவிட்டு ராஜு மாமா சொன்னார், "இத நம்பி சீட்டு குடுத்தா அந்தக் காலேஜ இழுத்து மூட வேண்டியதுதான்." நந்தா அவர் காதைப் பிடித்துத் திருகினாள். அப்படிச் சிரித்துக்கொண்டே அவரைத் துடைத்தோம், பையைக் காலி செய்தோம், விரிப்பை மாற்றினோம், இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தோம். டோ சான் வியாபாரத்தை முடித்துவிட்டு நேராக நகரத்துக்கு எண்ணெய் வாங்கப் போகிறேன், வர மதியத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் பாத்திரங்களைக் கழுவ வெளியே குழாயடிக்குப் போனேன். நந்தா உள்ளே விடைபெற்றுக்கொண்டு வந்தாள். சைக்கா ரிக்‌ஷாவில் ஏறிப் படகுத்துறைக்கு வந்துவிட்டோம்.

ஃபெர்ரி அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கூட்டத்தோடு நின்றோம். நந்தா நல்ல மனநிலையில் இருந்தாள். "அக்கா, மாமா இன்னைக்கு ரொம்ப ஆனா பட்டாரு" என்று ஆரம்பித்தாள். கிளம்பும்போது அவர், "போயிட்டு வாம்மா, ஆனா…" என்று இழுத்திருக்கிறார். இவள் மரியாதையாக 'ஆ-ம-னா-பா-நே மாமா' என்றிருக்கிறாள். மறுபடியும் அவர், "ஆனா, தல…" என்றிருக்கிறார். தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்ய முடியவில்லையே என்று ஆனா படுகிறார் என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குப் பெரியவர்கள் செய்வதுதானே. அதனால் இவளே குனிந்து, அவர் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாளாம்.

"அவருக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு அக்கா. அப்புறம் ஒண்ணுமே பேசல. முகமெல்லாம் செவந்து, வேர்த்து…"

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா. தமிழ்ல ஆனான்னா…"

"ஆனால்னும் இருக்கு" என்றேன்.

"அப்ப அவரு, ஆனால், தல வலிக்குதுன்னு…"

என்னைவிட அவளுக்கு ஒரு நொடி முன்னாலேயே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்குள் ஃபெர்ரி வந்து முட்டியது. இறங்குகிற கூட்டம் எங்கள்மேல் வந்து மோதியது. அந்த இரைச்சலில்தான் நான் முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எனக்குத் தோன்றியது இதுதான்: இந்தப் பெண்ணை ஃபெர்ரியில் ஏற்றிவிட வேண்டும், நான் திரும்பிப் போக வேண்டும். அவளுக்கு இன்று ஒரு நாள்தான், எனக்கு எல்லா நாளும் ஒன்றுதான். போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

அவள் நகரவில்லை. "நிமிர்த்தி உக்கார வைக்கணும் அக்கா. தனி ஆளா முடியாது" என்றாள்.

அது உண்மை. ரத்த அழுத்தம் ஏறினால் முதலில் அவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும் என்பதும் டாக்டர் சொன்னதுதான். ராஜு மாமா எடை உள்ள மனிதர். தோளை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும், குழாயை ஒருவர் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுகிற நேரம். அவரால் ஃபோனையும் எடுக்க முடியாது. நான் தனியாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சைக்காவில் இரண்டு இருக்கையும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்குமே, அவள் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள், நான் முன்னால் பார்த்து. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. தோழிக்கு ஃபோன் போட்டு, கொஞ்சம் தாமதமாகும், கல்லூரிக்காரர்கள் கூப்பிட்டால் பொறுக்கச் சொல் என்று பர்மியத்தில் சொல்வது கேட்டது. வண்டிக்காரரை நான் விரட்டிக்கொண்டே வந்தேன்.

உள்ளே போனபோது ராஜு மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கையில் மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தார். "வந்துட்டீங்களா" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் அவருடையது மாதிரியே இல்லை.

நான் பின்பக்கம் ஏறி அவரைத் தூக்கி என் மார்போடு சாய்த்துக்கொண்டேன். நந்தா கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாள். பிறகு பையிலிருந்து தொடங்கிக் குழாயை விரலால் தடவிக்கொண்டே மேலே வந்தாள். பை காலியாக இருந்தது. நாங்கள்தான் காலி செய்தோம், அதனால் கிளம்பும்போது யார் பார்த்தாலும் சந்தேகம் வந்திருக்காது. தொடைக்கு அடியில், விரிப்பைச் செருகிய இடத்தில், குழாய் இரண்டாக மடிந்து நசுங்கியிருந்தது. தொடையைத் தூக்கி அதை இழுத்து நேராக்கினாள்.

பைக்குள் சிறுநீர் சலசலவென்று விழ ஆரம்பித்தது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தங்களில் அது ஒன்று.

ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை அவர் கையில் சுற்றிப் பார்த்தோம். பயப்படுகிற மாதிரிதான் இருந்தது. டாக்டருக்கு ஃபோன் செய்தோம். உட்கார வைத்தபடியே விட்டுவிடு, பார்த்துக்கொண்டே இரு, இறங்கவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு வா என்றார். பார்த்தோம், மறுபடி பார்த்தோம், மறுபடியும் பார்த்தோம். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என் மார்பில் சாய்ந்திருந்த தலை லேசாவது எனக்கே தெரிந்தது. "விட்டுருச்சு" என்றார் ராஜு மாமா. நந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த விரிப்பைச் செருகியது யார் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேரும்தான் திருப்பினோம். சிஸ்டரிடம் அப்படியேதான் சொன்னோம். கிளம்புவதற்கு முன் குழாயை முழுதும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்கிறார்களே, அது அதற்கப்புறம் வந்ததுதான்.

முகத்தைத் துடைத்துவிட்டதும் ராஜு மாமா கேட்ட முதல் கேள்வி, மணி என்ன என்பது. நந்தா சொன்னாள். இன்னும் நேரம் இருக்கிறது, ஓடு என்றார். இல்லை மாமா, போய்விட்டது என்றாள்.

"இதுக்குத்தான் மேல சொல்லாம விட்டேன்" என்றார். "நீ பறந்துக்கிட்டு நின்ன. சான் வர்ற வரைக்கும் தாங்கிருவேன்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் நந்தா பேசினாள். சொல் சொல்லாகத் தேடி, தமிழிலேயே சொன்னாள்.

"நீங்க செத்துப் போயிட்டா, நான் டாக்டர் ஆனா என்ன, ஆகாட்டி என்ன மாமா?"

ராஜு மாமா அவளை உற்றுப் பார்த்தார். "இது எந்த ஆனா?" என்றார். "தமிழ் ஆனாவா, பர்மா ஆனாவா? இது மூணாவதா ஒண்ணு மாதிரி இருக்கே."

நந்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து மூக்கு வழியாக வந்துவிட்டது. எனக்கும் தாங்கவில்லை. என்மேல் சாய்ந்திருந்த ராஜு மாமாவும் குலுங்கினார். டோ சான் எண்ணெய் டின்னோடு வாசலில் வந்து நின்று, மூன்று பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நம் வைத்திய வீட்டில் நோயாளி 'ஆனா' என்றதும் 'எந்த ஆனா?' என்று கேட்டுவிட்டு எல்லாரும் சிரிக்கிறோமே, அது ஏன் என்று கேட்டீர்கள். இதுதான் கதை.

இங்கேயே நிறுத்தினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அந்தக் கல்லூரி இதைக் கேட்டு உருகி நந்தாவுக்கு இடம் கொடுத்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். கொடுக்கவில்லை. அவள் நடந்ததை எழுதி வேறு நேரம் கேட்டாள். கிடைக்காது என்று ஒரு வரி பதில் வந்தது. நம் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவளைக் காணவில்லை. இனிமேல் இவளுக்கு இங்கே என்ன வேலை, விண்ணப்பமே போய்விட்டதே என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு காலையில் வந்து நின்று, இன்றைக்கு டாலாவா என்று கேட்டாள். அவ்வளவுதான். அந்த வருடம் முழுக்க வந்தாள். அடுத்த வருடம் வேறு ஒரு கல்லூரிக்குப் போட்டாள், கிடைத்தது. இப்போது அங்கே படிக்கிறாள். சேவையில் என்ன கற்றாய் என்று அவர்களும் கேட்டார்களாம். ஒருத்தர் பேசி முடிப்பதற்கு முன்னால் நான் பதில் சொல்லிவிட்டேன், திரும்பிப் போய் மீதியைக் கேட்டேன் என்று மட்டும் சொன்னாளாம். ராஜு மாமாவைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லையாம். ஏன் என்றேன். "அது அவரோட கஷ்டம்தானே அக்கா, என்னுது இல்லையே நோ" என்றாள்.

எதை எடுப்பது என்று கேட்ட தங்கைக்கு இப்போது சொல்கிறேன். பெரிய மருத்துவமனையா, டாலாவா, ரத்த தானமா என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் போக முடிகிற வேலையாக எடு. ஒரே வீடு, ஒரே ஆள், திரும்பத் திரும்ப. ஒரு நாள் போகிற இடத்தில் எல்லாரும் சௌக்கியமாகத்தான் இருப்பார்கள், டீ கொடுப்பார்கள், நன்றி சொல்வார்கள். அங்கே நீ விருந்தாளி. விருந்தாளியிடம் யாரும் பெட்பேன் கேட்க மாட்டார்கள்.

இதை நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். இத்தனை வருடம் அடுத்தவர் வீட்டுக்குள் போனவள், அம்மா படுத்ததும் என் வீட்டுக்குள் மற்றவர்கள் வருவதைப் பார்த்தேன். ஒரு தடவை ஒரு கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக நூடுல்ஸ் பாக்கெட்டுகளோடும் ஒரு பேனரோடும் வந்தார்கள். அம்மா அவசர அவசரமாகப் புது ஜாக்கெட் போட்டுவிடச் சொன்னார். படம் எடுத்து முடிக்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர்கள் போனதும் முதுகு வலியில் அழுதார். "பாவம், நல்ல புள்ளைங்க. அதுங்ககிட்ட எப்படிச் சொல்றது" என்றார். நல்ல பிள்ளைகள்தான், நானும் அதைத்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த ஒரு பெண் ஒவ்வொரு வாரமும் வந்து அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டு, தலை வாரிவிட்டுப் போவாள். அதிகம் பேச மாட்டாள். முதலில் அம்மா அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள், "ஏண்டி, இப்படியா ஒட்ட வெட்டுவ, எரியுது பாரு" என்று அவளைத் திட்டினார். அந்தப் பெண் முகம் வாடிப்போனது. எனக்கோ நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அம்மாவுக்கு நான் இல்லாதபோதும் திட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். கடைசி நாட்களில் அவள் எப்போது வருவாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டார். அதற்கப்புறம் எல்லாரும் என்னிடம் ஆனா பட ஆரம்பித்தார்கள். இங்கேயும்தான். நான் வந்தால் பேச்சை நிறுத்தினீர்கள். என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டீர்கள். சிஸ்டர் என்னைப் போய் ஓய்வெடு என்றார். அன்புதான், எனக்குத் தெரியாதா? அந்த அன்பில் எங்கே நிற்பது என்றுதான் தெரியவில்லை. வீட்டில் சோறு ஆக்கினேன், தொண்டையில் இறங்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் ஃபெர்ரியில் தனியாக உட்கார்ந்து டாலாவுக்குப் போனேன். வேலைக்கு இல்லை, சும்மாதான்.

டோ சான் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். ராஜு மாமா அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.

"பொய் சொல்ற. சான், சோறு போடு இவளுக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சாப்பிட்டு வந்து எனக்குத் தலைக்கு ஊத்திவிடு. நேத்து வந்தவன் சோப்ப அலசவே இல்ல, காதெல்லாம் அரிக்குது. அப்புறம் இந்தத் தலகாணி. அப்புறம் ஷேவிங். கன்னத்துல வெட்டிராம பண்ணு. அந்தத் திரையையும் இழுத்து விடு, வெயில் மூஞ்சியில அடிக்குது."

அடுக்கிக்கொண்டே போனார். டோ சானுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறவளிடம் இப்படியா, உனக்குக் கொஞ்சம்கூட ஆனா இல்லையா என்று பர்மியத்தில் கத்தினார்.

"இல்ல" என்றார் ராஜு மாமா.

டோ சான் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மீன் குழம்பு. முதல் கவளம் வைத்தபோதுதான் எனக்கு எவ்வளவு பசி என்று தெரிந்தது. தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள், குழம்பும் ஊற்றுங்கள் என்று நானே கேட்டேன்.